கட்டங்களைக் காட்டு

2004-ஆம் ஆண்டு மலேசியக் கல்வி அமைச்சு நாட்டின் பள்ளிகளுக்காக ஒரு கணித மென்பொருளின் உரிமத்தை வாங்கியது. அதன் பெயர் ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட். அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரியில் யூஜின் குளோட்ஸ், டோரிஸ் ஷாட்ஷ்னைடர் ஆகியோரின் திட்டத்தில் முளைத்து, நிக்கோலஸ் ஜாக்கிவ் எழுதிய நிரலாக 1991-இல் வெளிவந்தது அது. அளவுகோலும் கவராயமும் கொண்டு யூக்ளிட் செய்ததைத் திரையில் செய்வதற்காகப் பிறந்த மென்பொருள். ஆயத்தொலைகளும் சார்புகளின் வரைபடங்களும் பின்வந்த பதிப்புகளில் வளர்ந்தன. மலேசியாவுக்கு வந்து சேர்ந்தபோது அதில் வரைபடத்துக்கென்றே தனி மெனு இருந்தது. கட்டங்களைக் காட்டு என்ற கட்டளையைச் சொடுக்கினால், வெற்றுத் திரை ஒரு நொடியில் வரைபடத்தாளாக மாறிவிடும்.

அந்தக் கட்டளையை எழுதுவது நிரலாளருக்கு ஒரு மாலைநேர வேலை என்று தோன்றும். சம இடைவெளியில் கிடைக்கோடுகள், குத்துக்கோடுகள், ஓரத்தில் எண்கள், அவ்வளவுதானே? வேலையில் இறங்கினால்தான் தெரியும். எத்தனை கோடு, எந்த எண்ணில், எவ்வளவு அழுத்தமாக என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். மாணவரின் கண்ணில் எந்த எண்கள் படும், எவை படவே படாது என்பது அந்த முடிவுகளில் அடங்கியிருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளிப் பிள்ளைக்கோ கிள்ளான் பள்ளிப் பிள்ளைக்கோ ஒரு மென்பொருள் செய்து கொடுக்க நினைக்கிற எவரும் இதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயத்தொலை வடிவியல் கட்டங்களோடு பிறக்கவில்லை. டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட 'வடிவியல்' நூலில் கட்டம் போட்ட படம் ஒன்றுகூட இல்லை. அவருக்குத் தேவைப்பட்டவை கோடுகளும் அவற்றின் நீளங்களுமே. கட்டம் அச்சிட்ட தாளுக்கு டாக்டர் பக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1794-இல். அது வகுப்பறைக்குள் நுழைய மேலும் நூறாண்டு பிடித்தது. பொறியியல் பேராசிரியரான ஜான் பெரி, பிள்ளைகள் சதுரத்தாளில் வரைந்து பழகினால்தான் கணிதம் கைக்கு வசப்படும் என்று 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விடாமல் வாதாடினார். இன்று நம் தமிழ்ப்பள்ளிகளின் மேல் ஆண்டுகளில் ஆயத்தொலைத் தளத்தின் முதல் கால்பகுதியோடு தொடங்கி, படிவம் இரண்டில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம், நடுப்புள்ளி என்று வளர்கிற பாடத்துக்கு அந்த வாதாட்டமும் ஒரு வேர்.

தாளில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுபோகும்போது முதல் சிக்கல் செங்குத்தச்சில் வருகிறது. கணிதத்தில் மேலே போகப் போக எண் கூடும். திரையிலோ கீழே இறங்க இறங்கத்தான் கூடும். பழைய தொலைக்காட்சிக் குழாயில் எலெக்ட்ரான் கற்றை இடது மேல் மூலையில் தொடங்கி வரிவரியாகக் கீழிறங்கி வரைந்தது. கணினித் திரையும் அந்த மூலையையே ஆதிப்புள்ளியாக எடுத்துக்கொண்டது. 1920 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் உள்ள திரையில் நம் ஆதிப்புள்ளியை நடுவில், அதாவது இடமிருந்து 960, மேலிருந்து 540 என்ற இடத்தில் வைப்போம். ஓர் அலகுக்கு 60 பிக்சல். (3, 2) என்ற புள்ளி எங்கே விழும்? கிடையாக 960-உடன் 180-ஐக் கூட்டினால் 1140. செங்குத்தாக 540-இலிருந்து 120-ஐக் கழித்தால் 420. அந்தக் கழித்தலைக் கூட்டலாக எழுதிவிட்டால் ஏறவேண்டிய கோடுகளெல்லாம் இறங்கும். கட்டவலை மட்டும் இருக்கும்போது இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் கட்டங்களைத் தலைகீழாகப் புரட்டினாலும் அவை கட்டங்கள்தாம். முதல் புள்ளியை வைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே வலையை வரைந்ததும் இரண்டு அச்சிலும் வெவ்வேறு எண் கொண்ட ஒரு புள்ளியை வைத்துப் பார்த்துவிட வேண்டும். இரண்டு அச்சுகளும் இடம் மாறியிருந்தால் (2, 2) அதைக் காட்டாது, (3, 2) காட்டும்.

அடுத்தது இடைவெளி. மாணவர் சக்கரத்தை உருட்டிப் படத்தைப் பெரிதாக்குகிறார், சிறிதாக்குகிறார். அலகுக்கு ஒரு கோடு என்று நிலையாக வைத்துவிட்டால், சிறிதாக்கும்போது கோடுகள் நெருங்கி நெருங்கித் திரையே சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். பெரிதாக்கினால் திரையில் ஒரு கோடும் இராது. எனவே இடைவெளி உருப்பெருக்கத்தோடு மாற வேண்டும். எப்படி மாறுவது? இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது 40 பிக்சல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அலகுக்கு 7 பிக்சல் என்ற நிலையில் 40-ஐ 7-ஆல் வகுத்தால் 5.71. கணக்குப்படி 5.71 அலகுக்கு ஒரு கோடு போடலாம். ஆனால் 5.71, 11.42, 17.13 என்று எண்ணிட்ட அச்சை எந்தப் பிள்ளை படிக்கும்? மனிதர் எண்ணக்கூடிய எண்ணாக அதை உயர்த்த வேண்டும்.

இதற்குப் பெரும்பாலான வரைபட மென்பொருள்கள் ஏதோ ஒரு வகையில் பின்பற்றும் வழி 1, 2, 5, பிறகு 10, 20, 50 என்ற வரிசை. பால் ஹெக்பர்ட் 1990-இல் வெளியான 'கிராஃபிக்ஸ் ஜெம்ஸ்' தொகுப்பில் இதைச் சில வரி நிரலாகவே எழுதிக் கொடுத்தார். கிள்ளான் சந்தையில் காய்கறி வாங்கும் எவருக்கும் இந்த வரிசை பழக்கமானதுதான். சில்லறைப் பையில் கிடக்கும் 5, 10, 20, 50 சென் காசுகள் இதே படிகளில்தான் ஏறுகின்றன, காரணமும் அதேதான். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு அல்லது இரண்டரை மடங்கு. எண்ணிக்கை மிகாமல், தாவல் பெரிதாகாமல், பத்தின் பெருக்கத்தோடு இணங்கிப் போகும் படிகள் இவை. நம் 5.71-க்கு அடுத்த படி 10. அலகுக்கு 7 பிக்சல் என்பதால் பத்து அலகுக்கு 70 பிக்சல், தாராளமான இடைவெளி. மாணவர் படத்தைப் பெரிதாக்கி அலகுக்கு 15 பிக்சலுக்கு வந்தால் 2.67 கிடைக்கும், படி 5 ஆகும். 25 பிக்சலுக்கு வந்தால் 1.6, படி 2.

இதுவரை எல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. இனி வருவது கணினிக்கே உரிய சங்கடம். நான் மிகவும் ரசித்துச் சொல்லும் பகுதியும் இதுதான்.

கிடையச்சில் −1 தொடங்கி 1 வரை, 0.1 இடைவெளியில் குத்துக்கோடுகள் வேண்டும். எண் சுழியம் ஆகும்போது அந்தக் கோடுதான் செங்குத்தச்சு, ஆகவே அதைத் தடிமனாக வரைய வேண்டும். நிரலாளர் இயல்பாக எழுதுவது இப்படி இருக்கும்: −1-இல் தொடங்கு, ஒரு கோடு வரை, 0.1 கூட்டு, மறுபடி வரை. எண் சுழியத்துக்குச் சமமானால் தடிமனாக வரை. ஓட்டிப் பார்த்தால் கோடுகள் எல்லாம் வருகின்றன, அச்சை மட்டும் காணோம்! நடுவில் இருக்கும் கோடும் மற்றவைபோல் மெலிந்து நிற்கிறது. அதன் எண்ணை அச்சிட்டுப் பார்த்தால் சுழியம் இருக்கவேண்டிய இடத்தில், தசமப் புள்ளிக்குப் பின் 15 சுழியங்கள் தாண்டி 13877 என்று தொடங்கும் ஓர் எதிர்ம எண் உட்கார்ந்திருக்கிறது.

காரணம் 0.1 என்ற எண்ணிலேயே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைப் பத்தடிமானத்தில் எழுதப்போனால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதைப்போல, பத்தில் ஒரு பங்கை இரண்டடிமானத்தில் எழுதப்போனால் அது முடிவதில்லை. 1985-இல் வகுக்கப்பட்டு இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் பின்பற்றும் ஐட்ரிபிள்ஈ 754 தரத்தின்படி, கணினி அதை ஓரிடத்தில் வெட்டி, அண்டைய எண்ணுக்குச் சரிசெய்து வைத்துக்கொள்கிறது. ஒருமுறை கூட்டினால் பிழை கண்ணுக்குத் தெரியாது. பத்துமுறை கூட்டினால் ஒவ்வொரு கூட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும். சுழியத்தில் தொடங்கி 0.1-ஐப் பத்துமுறை கூட்டினால் கணினிக்குக் கிடைப்பது 1 அல்ல, 0.9999999999999999. அதை அப்படியே அச்சின் ஓரத்தில் எழுதிவிட்டால் பள்ளிப்பிள்ளை என்ன நினைக்கும்? கணிதமே சற்றுக் கோணலானது என்றுதான் நினைக்கும். அந்த எண்ணத்தை ஒரு பிள்ளையின் மனத்தில் ஏற்றுவதற்கு எந்த மென்பொருளுக்கும் உரிமை கிடையாது.

வழி எளியது. கோடுகளை எண்ணுவதற்கு முழு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும்: −10, −9, −8 என்று 10 வரை. வரையும்போது மட்டும் பத்தால் வகுக்க வேண்டும். முழு எண்கள் கணினியில் துல்லியமாக நிற்பவை. பத்துமுறை ஒன்றைக் கூட்டினால் −10 தவறாமல் சுழியத்துக்கு வரும், அச்சும் தன் இடத்துக்கு வரும். பத்தால் வகுப்பதற்குப் பதில் 0.1-ஆல் பெருக்கினால்கூட மூன்றாவது கோட்டில் 0.30000000000000004 என்று வால் முளைக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

மெல்லிய கோடுகள் மங்கலாகத் தெரிவதும் ஒரு தொல்லை. ஒரு பிக்சல் தடிமனுள்ள கோட்டைச் சரியாக முழு எண் இடத்தில் வரையச் சொன்னால், உலாவியின் வரைதளத்தில் அது இரண்டு பிக்சல்களின் எல்லையில் விழும். இரண்டும் பாதிப் பாதி நிறம் பெறும். அரைப் பிக்சல் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

இந்த வலையை வெறும் எண்களுக்கு மேல் விரிப்பதைவிட, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊரின் மேல் விரிக்கலாம் என்பது என் ஆசை. அதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கைவிடத் தோதான இடம் அரிது. காரணம் பூமத்திய ரேகை. தீர்க்கரேகை ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் சுமார் 69, சென்னையில் 108 சொச்சம். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகையில்தான், ஆகையால் இங்கே அது சுமார் 111. அட்சரேகை ஒரு பாகையும் இங்கே கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டுக்கும் ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. அதாவது இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு வைத்து அட்சரேகை, தீர்க்கரேகைகளை அப்படியே ஆயத்தொலையாகப் போட்டால், வருகிற படம் ஊரின் உண்மையான வடிவத்திலேயே இருக்கும். லண்டன் பிள்ளை இதையே செய்தால் ஊர் கிழக்கு மேற்காக இழுபட்டுப் போகும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் இடம் ஏறத்தாழ (101.69, 3.13). கிள்ளான் ரயில் நிலையம் (101.45, 3.04). கிடையாக 0.24 பாகை, செங்குத்தாக 0.09 பாகை. படிவம் இரண்டில் சொல்லித்தரும் தூரச் சூத்திரத்தைப் போட்டால் 0.256 பாகை. 111-ஆல் பெருக்கினால் நேர்கோட்டில் 28 கிலோமீட்டர் சொச்சம். தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வரும் குடும்பத்துப் பிள்ளைக்கு, பித்தாகரஸ் தன் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.

ஆனால் இந்தப் பயிற்சி கட்டவலையைக் கடுமையாகச் சோதிக்கும். இதன் கிடையச்சு பூமத்திய ரேகை, செங்குத்தச்சு கிரீனிச் வழியாகப் போகும் தீர்க்கரேகை. இரண்டும் திரைக்கு எங்கோ வெளியே. பல மென்பொருள்கள் எண்களை அச்சின் மேலேயே ஒட்டி எழுதுகின்றன. அச்சு திரையைவிட்டு நகர்ந்தால் எண்களும் கூடவே போய்விடும். மிச்சமிருப்பது ஊமைக் கட்டங்கள். அச்சு மறைந்ததும் எண்கள் திரையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்படி எழுத வேண்டும். இடப்பற்றாக்குறையும் உண்டு. 0.4 பாகை அகலத்தை 1920 பிக்சலில் காட்டினால், 40 பிக்சல் விதிப்படி 0.01 பாகைக்கு ஒரு கோடு, 48 பிக்சல் இடைவெளி. ஒரு கட்டம் தரையில் 1.1 கிலோமீட்டர். 101.45 என்ற எண்ணை எழுதவே அந்த 48 பிக்சலும் போதாமல் போகலாம். எனவே ஐந்து கோட்டுக்கு ஒரு கோட்டை அழுத்தமாக வரைந்து 101.40, 101.45, 101.50 என்று அவற்றுக்கு மட்டும் எண்ணிட வேண்டும். இடைப்பட்டவை மெலிதாக, எண்ணில்லாமல் நிற்கட்டும்.

ஆதிப்புள்ளி கடவுள் வைத்த இடமும் இல்லை. சிலாங்கூரின் பழைய நில அளவைக் கட்டவலைக்கு புக்கிட் ஆசா என்ற குன்றைத்தான் ஆதிப்புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள். மேற்கு மலேசியா முழுவதற்குமான வரைபட வலையை 1940-களில் வகுத்த மார்ட்டின் ஹோட்டின், தீபகற்பம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடப்பதால் தன் கணக்கின் அச்சையும் அதற்கேற்பச் சாய்த்தே வைத்தார். பள்ளி மென்பொருளிலும் மாணவர் ஆதிப்புள்ளியைப் பிடித்து இழுத்துத் தன் பள்ளி வாசலில் வைக்க முடிய வேண்டும். எல்லாப் புள்ளிகளின் எண்களும் மாறும், தூரங்கள் மாறா. ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தி விளக்குவதை அந்த ஒரு இழுப்பு காட்டிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸைப் பற்றிப் பேசிவிட்டு அங்கே வாழும் பார்வையற்றவர்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையிடம் அங்கேதான். நடைபாதைகளில் கால் உணரும்படி மேடுகள் பதித்த தடங்கள் போட்டிருக்கிறார்கள். கட்டவலை கண்ணுக்கு மட்டும்தானா என்ற கேள்வியை அந்தத் தெருக்கள் எழுப்புகின்றன. விரலால் தொட்டுப் படிக்கும் வரைபடத்தில் பார்வையின் விதிகள் அப்படியே செல்லாது. பிரெயில் எழுத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. விரல் பிரித்தறியும் நுணுக்கம் அந்த அளவில்தான். ஒரு மில்லிமீட்டர் கட்டம் விரலுக்குச் சொரசொரப்பு, வேறொன்றும் தெரியாது. எனவே கோடுகள் குறைய வேண்டும். புடைப்பில் ஒரு வரிசைமுறையும் வேண்டும்: கட்டக்கோடு மிக மெலிது, அச்சு அதைவிட அழுத்தம், வளைகோடு எல்லாவற்றையும்விடத் துலக்கம். இல்லையென்றால் வளைகோட்டைத் தேடிப் போகும் விரல் கட்டக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வழிதவறிவிடும். சிலர் கட்டங்களைத் தாளின் பின்பக்கத்திலிருந்தும் வளைகோட்டை முன்பக்கத்திலிருந்தும் புடைக்கச் செய்கிறார்கள். ஒன்று பள்ளமாகவும் மற்றது மேடாகவும் விரலுக்குத் தெரியும்.

2011-இல் எலி லூபராஃப் தொடங்கிய டெஸ்மோஸ் வரைபடக் கருவி பார்வையற்றவர்களுக்காக ஒலியைப் பயன்படுத்துகிறது. வளைகோடு ஏறும்போது சுருதி ஏறும், இறங்கும்போது இறங்கும், கிடையச்சுக்குக் கீழே போனதும் ஓர் இரைச்சல் சேர்ந்துகொள்ளும். கட்டக்கோடுகள் போய்விட்டன, ஆனால் கிடையச்சை அவர்கள் கைவிடவில்லை. எது இன்றியமையாதது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. பார்வையுள்ள பிள்ளைக்கான திரையை வடிவமைக்கும்போதும் இந்த வரிசைமுறையை அப்படியே எடுத்தாளலாம்.

கடைசியாக, ஆசிரியர்கள் ஆவலோடு கேட்கும் வசதி ஒன்று: புள்ளி வைக்கும்போது அது தானாகப் பக்கத்துக் கட்டமுனையில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். கை நடுங்கும் சின்னப் பிள்ளைக்கு இது பெரிய உதவி. (3, 2) என்று சொன்னால் (2.97, 2.04) என்று விழாது. நானும் இதை வைக்கத்தான் சொல்வேன். ஆனால் எப்போதும் இயங்கும்படி வைத்துவிட்டால் ஒரு விபரீதம் நடக்கும்.

ஒரு மாணவி சமபக்க முக்கோணம் வரைய முயல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். (0, 0), (8, 0) ஆகியவற்றை வைத்துவிட்டு மூன்றாவது புள்ளியைத் தேடுகிறாள். (4, 7) அழகாகப் பொருந்துகிறது. கண்ணுக்குச் சமபக்கமாகவே தெரிகிறது. அளந்தால் அடிப்பக்கம் 8, மற்ற இரண்டும் 65-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 8.06. அடிக்கோணம் 60 பாகைக்குப் பதில் 60.26. இன்னும் பெரிய முக்கோணத்தை எடுக்கிறாள், சாய்த்து வைத்துப் பார்க்கிறாள். எவ்வளவு நேரம் முயன்றாலும் கிடைக்காது. முழு எண் கட்டமுனைகளில் மூன்று முனைகளும் அமைந்த சமபக்க முக்கோணம் எவ்வளவு பெரிய வலையிலும் கிடையாது.

ஏன் என்பதைப் படிவம் இரண்டு மாணவிக்கே விளக்கலாம். முக்கோணத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, மூலைகளில் மிஞ்சும் துண்டுகளைக் கழித்தால் அதன் பரப்பளவு வரும். எல்லா நீளமும் முழு எண் என்பதால் பரப்பளவு முழு எண்ணாகவோ அரையில் முடிவதாகவோதான் இருக்கும். இன்னொரு பக்கம், சமபக்க முக்கோணத்தின் பரப்பளவு பக்கத்தின் வர்க்கத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் கிடைப்பது. பித்தாகரஸ் சொன்னபடி பக்கத்தின் வர்க்கம் முழு எண். மூன்றின் வர்க்கமூலமோ விகிதமுறா எண். ஒரே பரப்பளவு விகிதமுறு எண்ணாகவும் விகிதமுறா எண்ணாகவும் இருக்க முடியாது.

உதவி செய்யவந்த வசதி, வடிவியலின் முதல் வடிவங்களில் ஒன்றைத் திரையிலிருந்து நாடுகடத்திவிட்டது. அந்த மாணவிக்குத் தன் கைதான் சரியில்லை என்று தோன்றும். ஆகவே ஒட்டுதலை அணைக்கும் பொத்தான் மெனுவின் ஆழத்தில் புதைந்து கிடக்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டங்களை மறைக்கும் பொத்தானும் அதன் அருகிலேயே வேண்டும். (0, 0)-இலிருந்து (3, 4) வரை உள்ள சாய்கோட்டின் நீளத்தைக் கேட்டால், கட்டம் தெரியும்வரை பிள்ளைகள் கட்டங்களையே எண்ணுவார்கள். சாய்வாகத் தாண்டும் கட்டத்தையும் ஒன்றென்றே கணக்கிட்டு நான்கு என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. கட்டம் மறைந்தால் செங்கோண முக்கோணத்தைத் தேடி ஐந்துக்கு வருவார்கள்.

சதுரக் கட்டங்களோடு நின்றுவிடவும் தேவையில்லை. ஒரே கோடுகளை 60 பாகை சாய்த்து மூன்று திசைகளில் போட்டால் முக்கோண வலை கிடைக்கும், நிரலில் சில வரிகளே கூடும். அந்த மாணவி தேடிய முக்கோணம் இந்த வலையில் எல்லா முழு எண் அளவிலும் கிடைக்கும், சாய்த்து வைத்தாலும் கிடைக்கும். ஆனால் இதில் சதுரம் கிடையாது. இங்கும் பக்கத்தின் வர்க்கம் முழு எண்ணாகவே வரும், ஆகவே சதுரத்தின் பரப்பளவும் முழு எண்ணாக வேண்டும். முக்கோண வலையின் முனைகளை நேர்கோடுகளால் இணைத்து வரையும் எந்த உருவத்தின் பரப்பளவும் ஒரு சிறு முக்கோணத்துப் பரப்பின் மடங்காகத்தான் அமையும், அந்தச் சிறு முக்கோணத்தின் பரப்பிலோ மூன்றின் வர்க்கமூலம் ஒளிந்திருக்கிறது.